முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள்?

என்னிடம் வந்த ஒரு பெரியவருக்கு வலது பக்கம் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. இரண்டு முறை ஊசியால் எடுத்தும் மறுபடி சேர்ந்துகொண்டது. நம் ஊரில் இப்படி வந்தால் முதலில் காசநோயைத்தான் நினைப்போம்; அவரும் ஆறு மாதம் அதற்கான மாத்திரை சாப்பிட்டு முடித்திருந்தார். "அப்பா பீடியை அப்போதே விட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது" என்றார் மகன். பெரியவர் பேசவில்லை.

பழைய வேலையைப் பற்றிக் கேட்டேன். இளவயதில் ஒரு மில்லில் பாய்லர் பகுதி. நீராவிக் குழாய்களுக்குக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கயிறு சுற்றுவார்களாம். "மாவு மாதிரிப் பறக்கும் டாக்டர். துண்டால் தட்டிவிட்டுச் சாப்பிட உட்காருவோம்."

நுரையீரல் உறையிலிருந்து சதை எடுத்துப் பரிசோதித்ததில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் எனத் தெரிந்தது. பேச்சுவழக்கில் நுரையீரல் புற்றுநோய் என்றாலும், இது நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் வருவது. கல்நார் இழை உள்ளே போய் 20 முதல் 50 ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். பீடிக்குப் பல கேடுகள் உண்டு; ஆனால் இந்த நோய் பீடியால் வருவதில்லை. இதை மகன் எதிரிலேயே சொன்னேன். மருந்து எழுதுவதற்கு முன் இந்தப் பழியை இறக்கிவைக்க வேண்டும்.

அவருடைய வேலை உடுப்பை உதறித் துவைத்த மனைவியையும் பரிசோதித்தேன். அந்தத் தூசியாலேயே வீட்டுப் பெண்களுக்கு இந்நோய் வந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது.

முழுக் குணம் மிக அரிது. கீமோவும், உடலின் எதிர்ப்புசக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபியும் பலருக்கு நாட்களை நீட்டித் தருகின்றன. ஆனால் அவருக்கு உடனே உதவியது நெஞ்சில் பொருத்திய மெல்லிய குழாய்தான். நீர் சேரும்போது மருமகளே வீட்டில் வடித்துவிடுகிறார். பெரியவர் படுத்துத் தூங்குகிறார். வலிக்கு மார்ஃபின் என்றதும் குடும்பங்கள் பதறுகின்றன. மருத்துவர் சொன்ன அளவில் கொடுங்கள், வலியோடு விடாதீர்கள்.

கல்நாரால் வரும் மீசோதீலியோமா, சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் (வேலையால் வரும் நோய்கள்) இருக்கிறது. கல்நாரோடு வேலை செய்வோரின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் உத்தரவிட்டது. இவரிடம் இருந்ததோ ஒரு பழைய அடையாள அட்டை மட்டும். அதையாவது பத்திரப்படுத்தச் சொன்னேன்.

கிளம்பும்போது மகன் கேட்டார்: "எங்கள் வீட்டுக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ்தான், பிரித்துவிடலாமா?" உடையாமல் இருக்கும் ஷீட்டை அவசரப்பட்டுத் தொட வேண்டாம். அறுப்பதும் துளையிடுவதும் உடைப்பதும்தான் இழையைப் பறக்கவிடும். மாற்றியே ஆகவேண்டுமென்றால் விவரம் தெரிந்தவர்களைக் கொண்டு, நன்றாக நனைத்து, முழு ஷீட்டாக இறக்குங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் அங்கே நிற்க வேண்டாம்.