இதய மருந்துகளைக் கையாளப் பழகும் ஓராண்டு

செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்ட ஒருவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையைப் பல மாதங்களாகச் சாப்பிட்டு வருகிறார். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு 2.5-ல் சீராக நிற்கிறது. ஒருநாள் இதயத் துடிப்பு தாறுமாறாகிறது. மருத்துவர் அமியோடரோன் தொடங்குகிறார். சரியான முடிவுதான். முதல் இரண்டு நாட்கள் ஐஎன்ஆர் அசையவில்லை, ஆள் வீட்டுக்குப் போய்விடுகிறார். ஆபத்து அப்புறம்தான் தொடங்குகிறது. வார்ஃபரினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை அமியோடரோன் மெல்ல மெல்ல முடக்குகிறது. சில வாரங்களில், அதுவரை ஒத்துப்போன அதே வார்ஃபரின் அளவு அதிகமாகிப்போய், மூளையிலோ குடலிலோ ரத்தம் கசியும் நிலைக்குக் கொண்டுபோய்விடலாம்.

பொதுவாக வார்ஃபரினை 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்க வேண்டியிருக்கும். எப்போது குறைப்பது, ஒரேயடியாகவா, படிப்படியாகவா? அமியோடரோன் கொழுப்புத் திசுக்களில் தங்கிவிடுவது இன்னொரு சிக்கல். நிறுத்திய பிறகு உடலில் அதன் அளவு பாதியாகவே சராசரியாக 58 நாட்கள் பிடிக்கும். ஆகவே நிறுத்திய பின்னும் பல வாரங்களுக்கு வார்ஃபரின் அளவைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த இரண்டு மருந்துகளும் சேர்ந்தால் தொல்லை என்பது பாடப் புத்தகத்தில் இருக்கிறது, கணினியும் எச்சரிக்கும். இந்த நோயாளிக்கு, இந்த வாரம் என்ன செய்வது என்பதை யாராவது தீர்மானித்தாக வேண்டும். அப்படித் தீர்மானிக்கும் பழக்கத்தை வளர்ப்பதற்குத்தான் அமெரிக்காவில் மருந்தாளுநர்களுக்கு இதயநோய்ச் சிறப்பு ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் வேலை செய்தபடியே கற்கும் பயிற்சி, இருக்கிறது.

அங்கே ஃபார்ம்.டி. என்ற தொழிற்பட்டப் படிப்பு பெரும்பாலும் நான்கு ஆண்டுகள். உரிமத் தேர்வு எழுதி வெளியே வருபவர் உடனே வேலைக்குப் போகலாம். சிலர் மட்டும் ஓராண்டு பொது ரெசிடென்சி செய்து, அதற்கு மேல் இன்னும் ஓராண்டு இதயநோய்ப் பிரிவில் பயிற்சி எடுக்கிறார்கள். முதலாவதை பிஜிஒய்-1 என்றும் இரண்டாவதை பிஜிஒய்-2 என்றும் சொல்வார்கள். பயிற்சித் திட்டங்களுக்கு அங்கீகாரம் தருவது ஏஎஸ்எச்பி என்ற மருந்தாளுநர் அமைப்பு. அது தொடங்கியது 1942-ல். பயிற்சியில் இருப்பவர் உரிமம் பெற்ற மருந்தாளுநர்தான், ஆனாலும் முழு வேலையில் கிடைக்கும் சம்பளத்தில் ஏறக்குறைய பாதியோ அதற்கும் குறைவோதான் கைக்கு வரும். வேலை நேரம் வாரத்துக்குச் சராசரியாக 80 மணியைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. அப்படி ஒரு விதி தேவைப்படுகிறது என்பதே சுமை எவ்வளவு என்று சொல்லிவிடும்.

அந்த ஓராண்டில் கற்றுக்கொடுக்கும் முறைதான் இதில் என்னை மிகவும் கவர்ந்தது. பிரிசெப்டர் எனப்படும் மூத்த மருந்தாளுநர் முதலில் நேரடியாகப் பாடம் சொல்கிறார். அடுத்து, தானே செய்து காட்டுகிறார். செய்யும்போதே தன் யோசனையை வாய்விட்டுச் சொல்வது இதில் முக்கியம்: 'பொட்டாசியம் 3.4தான் இருக்கிறது, குறைவு, அதனால் இந்த மருந்தை இப்போது தொடங்க மாட்டேன்.' மூன்றாவதாக, பயிற்சி பெறுபவரைச் செய்யவிட்டுப் பக்கத்தில் நின்று திருத்துகிறார். கடைசியில் அவரைத் தனியே விட்டுவிட்டு, கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருக்கிறார். இதய ஐசியூ, இதயச் செயலிழப்பு, இதய மாற்று, துடிப்புக் கோளாறு, ரத்த உறைதல் தடுப்பு மருத்துவகம் என்று ஒவ்வொரு பிரிவிலும் சில வாரங்கள் வேலை. ஒவ்வொன்றிலும் இந்த நான்கு படிகளும் திரும்ப வரும்.

இவ்வளவு கவனம் எதற்கு? டோஃபெட்டிலைடு என்ற மருந்தை எடுத்துக்கொள்ளலாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறை அது சீராக்கும். இதயத் தசை ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் மின்னேற்றத்தைச் சரிசெய்துகொள்ளும்போது, செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும். அந்த வழியை டோஃபெட்டிலைடு ஓரளவு அடைக்கிறது. தசை ஓய்வுக்குத் திரும்பத் தாமதமாவதால் தாறுமாறான மின்னலைகள் சுற்றிச் சுற்றி ஓட இடம் கிடைப்பதில்லை. இதே தாமதம்தான் ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீளுவதாகத் தெரிகிறது. அது அளவு மீறினால், உயிரையே பறிக்கக்கூடிய இன்னொரு துடிப்புக் கோளாறு வந்துவிடும். காக்கும் செயலும் கெடுக்கும் செயலும் ஒன்றேதான், அளவு மட்டும்தான் வேறு.

அதனால் இந்த மருந்தைத் தொடங்க நோயாளியைக் குறைந்தது மூன்று நாட்கள் மருத்துவமனையில் வைத்துக் கண்காணிப்பார்கள். ஒவ்வொரு வேளை மருந்துக்கும் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஈசிஜி எடுக்க வேண்டும். அளவைத் தீர்மானிப்பது சிறுநீரகத்தின் வேகம். 45 வயது, 80 கிலோ எடையுள்ள ஓர் ஆண். 82 வயது, 50 கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டி. இருவருக்கும் ரத்தத்தில், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் 1.0 என்று வைத்துக்கொள்வோம். ஆய்வகத் தாளைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இயல்பாகத்தான் தெரியும். வயது, எடை, பாலினம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரக வடிகட்டும் திறன் அந்த ஆணுக்கு நிமிடத்துக்குச் சுமார் 105 மில்லிலிட்டர், மூதாட்டிக்கு 34 மட்டுமே. ஆணுக்கு ஒரு வேளைக்கு 500 மைக்ரோகிராம் கொடுக்கலாம். மூதாட்டிக்கு 125தான், அதாவது கால் பங்கு. பிறகு அந்த அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து, யாரோ டிரைமெத்தோபிரிம் கலந்த சாதாரண ஆன்டிபயாட்டிக் எழுதிக்கொடுத்தால், டோஃபெட்டிலைடு சிறுநீரில் வெளியேறுவது தடைபட்டு ரத்தத்தில் ஏறிவிடும். இந்தக் கணக்கை வருடம் முழுக்க, உண்மையான ஆட்களை வைத்து, தவறினால் தடுக்க ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதே போட்டுப் பழகுகிறார் பயிற்சி பெறுபவர்.

அவசரப் பிரிவில் இதயம் நின்றவரைச் சூழ்ந்து நிற்கும் குழுவிலும் அவர் இருப்பார். அடுத்த மருந்து எது, கடைசியாகக் கொடுத்து எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதெல்லாம் அவர் பொறுப்பு. வருட முடிவில் ஓர் ஆய்வையும் முடித்துக்கொடுக்க வேண்டும்.

மருத்துவர்களுடன் ரவுண்ட்ஸில் மருந்தாளுநரும் நடந்தால் உண்மையிலேயே ஏதாவது மாறுகிறதா? பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஐசியூவில் இதைச் சோதித்துப் பார்த்து, முடிவை 1999-ல் வெளியிட்டார்கள். மருந்து எழுதும் கட்டத்தில் நேரும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 1000 நோயாளி-நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒருநாள் இருந்தால் ஒரு நோயாளி-நாள்) 10.4 ஆக இருந்தன. மூத்த மருந்தாளுநர் ஒருவர் குழுவில் சேர்ந்த பின் அது 3.5 ஆகக் குறைந்தது. எழுதி முடித்த சீட்டை அப்புறம் திருத்துவதைவிட, எழுதும் நேரத்தில் அருகில் இருப்பதே பெரிது என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

இதயச் செயலிழப்பில் தேவைப்படுவது வேறு வகைக் கவனம். இன்று பலருக்கு நான்கு வகை மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள். எல்லாமே ரத்த அழுத்தத்தையோ சிறுநீரகத்தையோ பொட்டாசியத்தையோ தொடும் மருந்துகள். ஏசிஇ தடுப்பான் என்ற பழைய ரத்த அழுத்த மருந்தை நிறுத்தி 36 மணி நேரம் போன பிறகே சாக்குபிட்ரில் கலந்த புதிய மருந்தைத் தொடங்கலாம். இல்லாவிட்டால் முகமும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைக்கும் அபாயம் உண்டு. அதற்காகத் தயங்கித் தயங்கி மாதக்கணக்கில் அளவை உயர்த்துவதும் நோயாளிக்கு நல்லதல்ல. 2022-ல் வெளியான ஸ்ட்ராங்-எச்எஃப் ஆய்வில், வீடு திரும்பிய இரண்டு வாரங்களுக்குள் மருந்துகளின் முழு அளவை எட்டுமாறு நெருக்கமாகக் கவனித்தார்கள். 180 நாட்களுக்குள் இறந்தவர்களும், இதயச் செயலிழப்பால் மீண்டும் அனுமதிக்கப்பட்டவர்களும் அந்தக் குழுவில் 15.2 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 23.3. இத்தனை அடிக்கடி ஒரு நோயாளியைப் பார்த்து, ரத்தம் சோதித்து, அளவை மாற்ற இதய மருத்துவர்களுக்கு நேரம் இருப்பதில்லை. பல மாநிலங்களில் மருத்துவருடன் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் கீழ் மருந்தாளுநரே இதைச் செய்கிறார்.

ஆண்டு முடிந்ததும் பலர் சிறப்புச் சான்றிதழ்த் தேர்வு எழுதுகிறார்கள். பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளுக்கே போகிறார்கள். எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின ஆண்கள் முடிவெட்டிக்கொள்ளும் 52 கடைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2018-ல் வெளியானது. மருந்தாளுநர்கள் கடைக்கே போய் ரத்த அழுத்தம் பார்த்து, மருந்து எழுதி, அளவைச் சரிசெய்தார்கள். ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளிகள் இறங்கியது. முடிதிருத்துபவரின் அறிவுரை மட்டும் கிடைத்தவர்களுக்கு 9.3 புள்ளிகள்தான். சிறப்புப் பயிற்சியின் சில வாரங்களாவது இப்படி ஓர் இடத்தில் நடக்க வேண்டும். உயர் ரத்த அழுத்தம் உள்ள பலர், ஐசியூவுக்கு வரும்வரை எந்த மருந்தாளுநரையும் உட்கார்ந்து பார்த்துப் பேசியதே இல்லை.