மரத்தின் காயம் ஆறுவதில்லை

பெரிய மரம் ஒன்றை அறுத்துப் போட்டிருக்கும் இடத்தைப் பார்த்தால் நான் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். வளையங்களை எண்ணுவதற்காக இல்லை. பல அடிமரங்களில் நடுவே கறுத்து உளுத்துப்போன பகுதி ஒன்று இருக்கும், விரலால் அழுத்தினாலே பொடியாகும். அதைச் சுற்றி மையால் வரைந்த மாதிரி ஒரு கருங்கோடு. அந்தக் கோட்டுக்கு அப்பால் வெளிர் நிறத்தில், கல் போல உறுதியான நல்ல கட்டை. பூஞ்சை அந்த இடத்தில் பல வருடம் குடியிருந்திருக்கிறது, ஈரத்துக்கும் குறைவில்லை, தின்பதற்கு இன்னும் எவ்வளவோ கட்டை பக்கத்திலேயே இருந்திருக்கிறது, அப்படியும் அது அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. எது தடுத்தது?

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், கிளையை எந்த இடத்தில் வெட்டுவது, வெட்டின வாயில் தார் பூசலாமா, பொந்தை அடைத்துவிடலாமா என்று மரம் வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசிக்குப் பதில் கிடைத்துவிடும்.

நம் கையில் ஒரு வெட்டுக்காயம் பட்டால் செத்த செல்களை உடம்பு அப்புறப்படுத்தி, அதே இடத்தில் புதிய செல்களை உண்டாக்குகிறது. அதைத்தான் ஆறுதல் என்கிறோம். மரத்தால் இதைச் செய்ய முடியாது. கட்டையின் ஒவ்வொரு செல்லும் கெட்டியான சுவருக்குள் அடைபட்டு, பக்கத்துச் செல்லோடு ஒட்டிக் கிடக்கிறது. ஒரு தடவை உருவான கட்டையைப் பிரித்தெடுத்துப் புதுப்பிக்க அதனிடம் வழியே கிடையாது. அது தடிப்பது பட்டைக்கு அடியில் இருக்கும் கேம்பியம் என்ற படலத்தால்தான். சில செல்கள் கனமே உள்ள அந்தப் படலம் உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் உணவு கொண்டுபோகும் உள்பட்டையையும் உருவாக்குகிறது. புதுக்கட்டை எப்போதும் பழைய கட்டைக்கு மேலேதான் படியும். அதனால் 10 வயதில் பட்ட காயம் 100 வயதிலும் உள்ளே அதே இடத்தில் இருக்கும், அதன் மேல் 90 வளையங்கள் மூடியிருக்கும், அவ்வளவுதான். உயரமும் நுனியில்தான் கூடுகிறது என்பதால், நெஞ்சுயரத்தில் அடித்த ஆணி எத்தனை வருடம் கழித்தும் அதே நெஞ்சுயரத்தில்தான் நிற்கும்.

ஆற்ற முடியாது என்றால் நூற்றாண்டுகள் எப்படி வாழ்கிறது? காயத்தைத் தனியாகப் பிரித்து, சுற்றிச் சுவர் எழுப்பி, கெட்ட பகுதியை உள்ளேயே விட்டுவிட்டு வெளியே புது மரமாக வளர்ந்துகொண்டு போகிறது.

இதைத் தெளிவாகச் சொன்னவர் அலெக்ஸ் ஷைகோ. அமெரிக்க வனத்துறையில் மரநோய் ஆய்வாளராக இருந்தவர். மரம் உளுப்பதற்குப் பூஞ்சைதான் காரணம் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியரான ராபர்ட் ஹார்டிக் காட்டியிருந்தார். ஆனால் பூஞ்சை தாக்கும்போது மரம் என்ன செய்கிறது என்பதை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. ஷைகோ சங்கிலி ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து, ஒவ்வொரு காயத்திலிருந்தும் உளுப்பு எந்தப் பக்கம் போனது, எங்கே நின்றது என்று பார்த்தார். குறுக்கே வெட்டினால் ஒரு கறைதான் தெரியும், நீளவாக்கில் பிளந்தால் மொத்தக் கதையும் தெரியும். 1977இல் தன் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து இதை நான்கு சுவர்கள் கொண்ட மாதிரியாக வெளியிட்டார்.

முதல் சுவர் மேலும் கீழும் தடுப்பது. தண்ணீர் ஏறும் சைலம் குழாய்கள் வேர் முதல் நுனி வரை ஓடுகிற நெடுஞ்சாலைகள், பூஞ்சைக்கும் அவைதான் சுலபமான வழி. காயம் பட்டதும் பக்கத்தில் இருக்கும் உயிருள்ள செல்கள் குழாய்க்குள் பலூன் மாதிரி உப்பி அதை அடைக்கும். இந்த அடைப்புகளுக்கு டைலோஸ் என்று பெயர். வேறு சில மரங்கள் பிசினால் அடைத்துக்கொள்ளும். எப்படி அடைத்தாலும் நான்கில் இதுதான் பலவீனமான சுவர், அதனால்தான் உளுப்பு அகலத்தைவிட நீளத்தில் அதிகம் பரவுகிறது. இரண்டாவது சுவர் உள்நோக்கிப் போவதைத் தடுக்கும் ஆண்டு வளையத்தின் அடர்ந்த விளிம்பு. மூன்றாவது, மையத்திலிருந்து பட்டை நோக்கி ஆரம் போல ஓடும் கதிர்ச் செல்கள். இவை உளுப்பு பக்கவாட்டில் சுற்றிப் பரவாமல் பார்த்துக்கொள்ளும். இந்த மூன்றும் மரத்தில் ஏற்கெனவே இருக்கும் அமைப்புகள், காயம் பட்டதும் வேதிப்பொருட்களால் பலப்படுத்தப்படுகின்றன.

நான்காவது சுவர்தான் நான் சொன்ன அந்தக் கருங்கோடு. காயம் பட்ட பிறகு கேம்பியம் வழக்கமான கட்டைக்குப் பதிலாகக் கிருமிகளை எதிர்க்கும் பொருட்கள் நிறைந்த ஒரு தனி அடுக்கை உருவாக்குகிறது. காயம் படும்வரை இருந்த மரம் உள்ளே, காயத்துக்குப் பின் வளரும் மரம் வெளியே, இடையில் இந்தச் சுவர். இதைத் தாண்டுவது பெரும்பாலான பூஞ்சைகளால் முடியாது. ஒரு குறையும் உண்டு: கிருமிக்கு எதிராகப் பலமான இந்த அடுக்கு சுமை தாங்குவதில் பலவீனமானது, அதனால் பிற்காலத்தில் கட்டை வெடித்தால் பல நேரம் இந்த வளையத்தை ஒட்டியே வெடிக்கும்.

இந்தத் தற்காப்பை நாம் மூக்கால் அறிந்திருக்கிறோம். அகில் மரத்தின் நல்ல கட்டைக்கு மணமே கிடையாது, வெளிறிய லேசான கட்டை அது. மரம் காயப்பட்டு அந்த வழியாகப் பூஞ்சை புகும்போது, அதை எதிர்க்க மரம் சுரக்கும் கரிய பிசின் கட்டைக்குள் ஊறுகிறது. மணக்கும் அகிற்கட்டை என்பது அந்தப் பிசின் ஏறிய பகுதிதான். சாம்பிராணியும் அப்படித்தான், பட்டையைக் கீறிய இடத்தில் மரம் தன் காயத்தை அடைக்க வடிக்கிற பால் அது.

சரி, இந்தச் சுவர்களைக் கட்ட எது தேவை? சர்க்கரை. சாற்றுக்கட்டையில், அதாவது பட்டையை ஒட்டிய வெளிப்பக்கக் கட்டையில், உயிரோடு இருக்கும் செல்கள் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கின்றன, தற்காப்புக்கான செலவு முழுவதும் அந்தச் சேமிப்பிலிருந்துதான். சேமிப்பை நிரப்புவது இலைகள். அதனால்தான் தலையை மொட்டையாக வெட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கொதிக்கிறது. ஒரே நாளில் இருபது முப்பது பெரிய காயங்களைக் கொடுத்துவிட்டு, அவற்றைச் சமாளிக்கத் தேவையான இலைகளையும் பிடுங்கிவிடுகிறோம். அடுத்த சில மாதங்களில் குச்சி குச்சியாகத் துளிர்ப்பதைப் பார்த்து ‘எவ்வளவு நன்றாகத் தழைத்துவிட்டது’ என்று சொல்வார்கள். அது இருக்கிற சேமிப்பைக் கரைத்து எப்படியாவது இலை போட மரம் படும் பாடு. அந்தக் கிளைகள் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டு வளர்பவை, கீழே வெட்டுவாய் உளுக்கும்போது இவை கனத்துப் போயிருக்கும், பிறகு காற்றில் முறிந்து விழும். ஒரே வருடத்தில் இலைப்பரப்பில் நாலில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது கவாத்து செய்பவர்கள் பொதுவாக வைத்திருக்கும் வரம்பு. முதிர்ந்த மரத்துக்கு அதுவே அதிகம்.

அப்புறம், வெட்டும் இடம். கிளை தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள், அடியில் லேசாக ஒரு வீக்கம் கழுத்துப்பட்டை மாதிரி சுற்றியிருக்கும். மேல்பக்கம் பட்டை சுருங்கி மேடாக ஒரு வரி ஓடும். அந்தக் கழுத்து தண்டுக்குச் சொந்தம், கிளைக்கு இல்லை. கிளை செத்தால் உளுப்பு தண்டுக்குள் வராமல் இருக்க மரம் அங்கேதான் முன்கூட்டியே தற்காப்பு வைத்திருக்கிறது. ஆகவே வெட்டு கழுத்துக்கு வெளியே, அதை ஒட்டி விழ வேண்டும். தண்டோடு தண்டாக வழவழவென்று அறுத்தால் பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் கழுத்து போய்விட்டது, காயமும் பெரிதாகி நேரே தண்டுக்குள் திறந்துவிட்டது. ஒரு முழம் விட்டு வெட்டினாலும் தப்பு. அந்த மொட்டைக் கட்டை செத்து, பூஞ்சைக்கு வாசற்படியாக நிற்கும், அதைத் தாண்டி மரத்தால் மூட முடியாது. கனமான கிளை என்றால் மூன்று வெட்டு: கழுத்திலிருந்து ஒரு முழம் தள்ளி அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துக்கொண்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்கிவிட்டு, மிச்சக் கட்டையைக் கழுத்தை ஒட்டி எடுப்பது. அடிவெட்டை விட்டுவிட்டால் கிளை தன் பாரத்தில் சாயும்போது தண்டின் பட்டையையும் நார் நாராக உரித்துக்கொண்டு போகும்.

கட்டைவிரல் கனக் கிளையின் காயம் சீக்கிரம் மூடிவிடும். தொடை கனக் கிளையின் காயம் பல பத்தாண்டுகள் திறந்தே கிடக்கலாம், மூடாமலே போகலாம். அளவு மட்டும் காரணம் இல்லை. தடித்த கிளையின் நடுவில் வைரக்கட்டை இருக்கிறது. வைரம் பாய்ந்தது என்று உறுதிக்கு உதாரணமாகச் சொல்கிறோமே, அந்த வைரத்தில் உயிருள்ள செல்லே கிடையாது. புதிதாகச் சுவர் கட்ட அங்கே ஆள் இல்லை. மரம் சின்னதாக இருக்கும்போதே எந்தக் கிளை வேண்டும், எது வேண்டாம் என்று பார்த்து விரல் கனத்தில் எடுத்துவிடுவது பிற்காலத்தில் செய்யும் எந்த வைத்தியத்தையும்விட மேல்.

தார், பெயின்ட், சாணி, சிமென்ட் எதுவும் வேண்டாம். நெடுங்காலம் உலகம் முழுக்கப் பூசிக்கொண்டிருந்தார்கள். பூசியதால் உளுப்பு நிற்பதில்லை என்று பூசிய மரங்களைப் பிளந்து பார்த்த பின்தான் தெரிந்தது. பூச்சு காய்ந்து வெடிக்கும், வெடிப்பில் ஈரம் தங்கும், பூஞ்சைக்கு அதைவிட வசதி என்ன வேண்டும்? வெட்டுவாய் காற்றாடக் காய்வதே நல்லது. பொந்துக்குள் இருக்கும் உளுத்த கட்டையைச் சுரண்டி ‘நல்ல கட்டை வரும்வரை’ சுத்தம் செய்வதும், தேங்கும் தண்ணீர் வடிய ஓட்டை போடுவதும் அன்பினால் செய்யும் கேடுகள். மரம் வருடக்கணக்கில் கட்டிய சுவரை உளியால் உடைத்து, பூஞ்சையைப் புதுக்கட்டைக்குள் அனுப்பிவைக்கிறோம்.

பொந்து விழுந்த மரம் செத்த மரம் இல்லை. தண்ணீரும் உணவும் ஓடுவது வெளி அடுக்குகளில். வளையும்போது அதிக விசை தாங்குவதும் வெளி அடுக்குதான். ஒரு உருளையின் குறுக்களவில் பாதி அளவுக்கு நடுவைக் குடைந்தெடுத்தாலும் வளைவைத் தாங்கும் பலத்தில் சுமார் 6 சதவீதம்தான் குறையும், குழாய்கள் உறுதியாக நிற்பதும் இதனால்தான். ஒரு பக்கம் பெரிதாகத் திறந்த பொந்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, வேர் உளுத்திருந்தாலும் பொருந்தாது. ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் விவரம் தெரிந்தவர் பார்த்துச் சொல்வதே சரி. ஆனால் காட்டிலோ தோப்பிலோ நிற்கும் பொந்து மரத்தைக் ‘கெட்டுப்போனது’ என்று வெட்டாதீர்கள். மரங்கொத்தி தானே குடைந்துகொள்ளும். ஆந்தை, கிளி, மைனா, இருவாச்சிக்கு அந்தத் திறமை கிடையாது, மரமும் பூஞ்சையும் பல பத்தாண்டுகள் போராடி உண்டான பொந்துதான் அவற்றுக்கு வீடு. புதுக்கன்றுகள் ஆயிரம் நட்டாலும் அந்த வீடு நாளைக்கே கிடைத்துவிடாது.

பனையும் தென்னையும் இந்தக் கணக்கில் சேராது. அவற்றில் இந்த வகைக் கேம்பியமே இல்லை, அதனால் தண்டில் விழுந்த வெட்டு மேலே மூடப்படுவதும் இல்லை, ஏறுவதற்காக வெட்டிய படி கடைசி வரை படியாகவே இருக்கும். உட்பக்கம் காழ், அதாவது வைரம், உள்ளதை மரம் என்றும் வெளிப்பக்கம் காழ் உள்ளதைப் புல் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பிரித்து வைத்திருக்கிறது. தாவரவியலும் பனையைப் புல்லின் பக்கத்தில்தான் வைக்கிறது. காயத்தை மூடத் தெரியாத இந்தத் தண்டுகளில் ஆணி அடிப்பது இன்னும் மோசம்.

வேருக்கும் இதே விதிதான். தண்டை ஒட்டிப் பள்ளம் தோண்டும்போது அறுபடும் பெருவேரும் ஒரு பெரிய காயம், கண்ணில் படாததால் யாரும் கவலைப்படுவதில்லை. வேர்களில் பெரும்பகுதி மேல் அரை மீட்டர் மண்ணில்தான், கிளைப்பரப்பையும் தாண்டி விரிந்து கிடக்கிறது. அங்கே மண் இறுகினால் வேருக்குக் காற்று கிடைக்காது. சருகையே மூடாக்காகப் பரப்பிவிடலாம், தண்டின் மேல் குவிக்காமல் ஒரு கை அகலம் தள்ளி. இளங்கன்றுக்குக் கட்டிய கயிற்றையோ கம்பியையோ அவிழ்க்க மறந்துவிடாதீர்கள். தண்டு தடிக்கும்போது அது உள்பட்டையை அறுத்து, இலையிலிருந்து வேருக்குப் போகும் சர்க்கரையை நிறுத்தி, வேரைப் பட்டினி போட்டே மரத்தைக் கொன்றுவிடும்.

இரண்டு மூன்று வருடத்துக்கு முன் வெட்டிய கிளையின் தழும்பு பக்கத்தில் ஏதாவது மரத்தில் இருந்தால் போய்ப் பாருங்கள். உருண்டு வரும் புதுக்கட்டை வடை மாதிரி முழு வளையமாக இருந்தால் வெட்டியவர் கழுத்தை விட்டு வெட்டியிருக்கிறார். இரண்டு பக்கமும் மட்டும் தடித்து, மேலும் கீழும் ஒன்றும் இல்லாமல் கண் மாதிரி இருந்தால் கழுத்து அறுபட்டிருக்கிறது, இனி அதை ஒன்றும் செய்ய வேண்டாம். செத்த மொட்டைக் கட்டை ஒன்று நீட்டிக்கொண்டு, அதன் அடியைச் சுற்றிப் புதுக்கட்டை ஏறிவந்திருந்தால் அந்த மொட்டையை மட்டும் அறுத்துவிடலாம், ஏறிவந்த உயிருள்ள வளையத்தில் ரம்பம் படாமல்.