செக் ஏன் உங்களுக்கு வரவில்லை?

அக்டோபர் பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். "அண்ணா, பக்கத்து வயல்காரருக்கு அரசாங்கத்தோட விவசாய மானியச் செக் வந்துடுச்சாம். எனக்கு ஏன் வரலை?" கேட்டவர் ப்ளூமிங்டனில் மென்பொருள் வேலையில் இருக்கும் நம் ஊர்த் தம்பி. ஏலத்தில் 80 ஏக்கர் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. மெக்லீன் கவுன்டியில் (நம் மாவட்டம் மாதிரி) வருமான வரி பார்க்கும் என்னிடம் இப்படி நாலைந்து பேர் வருகிறார்கள். இல்லினாய் மாநிலத்திலேயே பரப்பில் பெரிய கவுன்டி இது. ஊரைத் தாண்டினால் மக்காச்சோளமும் சோயாவும்தான். நிலத்தின் மேல் ஆசை வருவது இயல்பு.

முதல் காரணம் அவருடைய ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஏக்கருக்கு இவ்வளவு என்று ரொக்கக் குத்தகைக்கு விட்டிருந்தார். மழை பெய்தாலும் பொய்த்தாலும் அவருக்குப் பணம் வந்துவிடும். விளைச்சலின் நட்டத்தில் பங்கு இல்லாதவருக்கு மானியத்திலும் பங்கு இல்லை. அது பயிர் செய்கிறவருக்கே போகும். விளைச்சலைப் பங்கு போடும் வாரமாக இருந்திருந்தால் மானியமும் பிரிந்திருக்கும். வாரத்துக்கும் குத்தகைக்கும் உள்ள வித்தியாசம் இவருடைய தஞ்சாவூர்த் தாத்தாவுக்கு அத்துபடியாக இருந்திருக்கும்! அதற்காக மானியத்தை நினைத்து வாரத்துக்கு மாறாதீர்கள். மானியம் வரும் வருஷம் பெரும்பாலும் விலை விழுந்த வருஷமாகத்தான் இருக்கும். தவிர, குத்தகைப் பேச்சிலேயே மானியத்தில் ஒரு பகுதி நிலக்காரர் பக்கம் வந்து சேர்வதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்தது பேஸ் ஏக்கர். எல்லோரும் குழம்பும் இடம் இது. இந்த வருஷம் என்ன விதைத்தீர்கள் என்று பார்த்து இந்த மானியம் தருவதில்லை. அந்த நிலத்தில் முன்பு எந்தப் பயிர் எத்தனை ஏக்கரில் இருந்தது என்ற பதிவை வைத்துத்தான் கணக்கு. மக்காச்சோளப் பேஸ் உள்ள நிலத்தில் சோயா போட்டாலும் மக்காச்சோளக் கணக்கில்தான் பணம். நெடுங்காலம் மேய்ச்சலாகக் கிடந்த நிலத்துக்குப் பேஸே இல்லாமல் இருக்கலாம்.

மாதிரிக்கு: 60 பேஸ் ஏக்கர், ஏக்கருக்குப் பதிவான விளைச்சல் 150 புஷல் (தானியத்தை அளக்கும் அளவு). சந்தை விலை அரசாங்கம் வைத்த ரெஃபரன்ஸ் விலைக்குக் கீழே போனால், குறையும் தொகைதான் மானியம். மக்காச்சோளத்துக்கு 3.70 டாலராக இருந்த ரெஃபரன்ஸ் விலையை 2025 சட்டம் 4.10 ஆக்கியது. சந்தையில் ஆண்டு சராசரி 3.90 என்றால் புஷலுக்கு 20 சென்ட் குறைவு. அந்த 9,000 புஷலிலும் 85 சதவீதத்துக்கு மட்டும்தான் பணம்: 1,530 டாலர். (சந்தை பல வருஷம் நன்றாக இருந்திருந்தால் ரெஃபரன்ஸ் விலையும் 4.10-க்கு மேல் போகும்; அது தனிக் கதை.) அதுவும் அறுவடைக்கு அடுத்த வருஷ அக்டோபரில்தான் கைக்கு வரும்.

இன்னொரு திட்டமும் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் கவுன்டி சராசரி வருமானம்தான் அளவுகோல். உங்கள் வயலை மட்டும் ஆலங்கட்டி அடித்துப் போட்டு, கவுன்டி முழுக்க நன்றாக விளைந்து விலையும் நின்றால் ஒரு சென்ட் கிடையாது.

ஆகவே நிலம் வாங்கும் முன்பே, எஃப்.எஸ்.ஏ. (மத்திய வேளாண் துறையின் பண்ணைச் சேவைப் பிரிவு) அலுவலகப் பதிவான '156 ஈஸி' என்ற தாளை விற்பவரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். பேஸ் எவ்வளவு என்று அதில் இருக்கும்.

தம்பியிடம் முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கடைசியாகத்தான் கேட்டேன். கிரீன் கார்டு இருக்கிறதா? எச்-1பி என்றார். அப்படியென்றால் வாரத்துக்கு விட்டிருந்தாலும் மானியம் வந்திருக்காது. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் நிலம், முதலீடு இரண்டோடு சொந்த உழைப்பையும் கணிசமாகப் போட்டால்தான் தகுதி. எச்-1பி விசாவில் டிராக்டர் ஓட்டப் போக முடியுமா?

அதைவிடப் பெரிய வம்பு வேறு. வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்கினால் 90 நாளுக்குள் மத்திய வேளாண் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இது 1978-லிருந்தே சட்டம். தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் நில மதிப்பில் 0.1 சதவீதம் அபராதம். உச்சவரம்பு 25 சதவீதம். விற்ற தரகர் சொல்லவில்லை, பத்திரம் பார்த்த வக்கீலும் சொல்லவில்லை. அன்று மத்தியானமே கவுன்டி எஃப்.எஸ்.ஏ. அலுவலகத்துக்குப் போய்ப் படிவத்தைக் கொடுத்தோம். அபராதக் கடிதம் இன்னும் வரவில்லை. செக்கைப் பற்றித் தம்பி அப்புறம் கேட்கவே இல்லை.