‘சில நிமிடங்கள்’ என்றால் எத்தனை நிமிடம்?

மென்பொருள் குறிப்புகளில் எண் போடாமல் ‘சில’ என்று எழுதுவதால் வரும் வம்பு போன வாரமும் ஒன்று. ஜவுளிக்கடை. பில் போடும் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தது. கூடவே வந்த குறிப்பில், ‘பழைய தரவுகள் மாற்றப்படும். சில நிமிடங்கள் ஆகும். கணினியை அணைக்க வேண்டாம்’ என்று ஒரு வரி. கடைக்காரர் இருபது நிமிடம் பார்த்திருக்கிறார். திரையில் அசைவே இல்லை. சுவிட்சை அணைத்துவிட்டார். மாற்றம் பாதியில் நின்றதால் பில்கள் எல்லாம் இருக்கும் தரவுத்தளம் கெட்டுப்போனது.

“சிலன்னா அஞ்சோ பத்தோதானே தம்பி? நான் இருபது நிமிஷம் பொறுத்தேனே!” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்லவேளை, முந்தின நாள் பேக்கப் (தரவுகளின் நகல்) இருந்தது. அதை வைத்து அப்டேட்டை நானே மறுபடி ஓட்டினேன். ஆறு வருட பில்கள்; ஐம்பது நிமிடம் பிடித்தது.

மென்பொருள் எழுதுபவர்களிடம் இதைச் சொன்னால் எப்போதும் ஒரே பதில்: “ஒவ்வொரு சிஸ்டத்துலயும் நேரம் மாறும் சார். நம்பர் போட்டா நாமதான் மாட்டுவோம்.” எனக்கு எரிச்சலே இங்கேதான். மாறும், யார் இல்லை என்றது? மாறுவதால்தான் எண் வேண்டும். நீங்கள் ‘சில’ என்று எழுதினால் படிப்பவர் தானாக ஓர் எண்ணைப் போட்டுக்கொள்கிறார். அவருடைய ‘சில’ ஐந்து, உங்களுடையது ஐம்பது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘ஒரு லட்சம் பில்கள் உள்ள கணினியில் நாங்கள் சோதித்தபோது ஹார்ட் டிஸ்கில் 40 நிமிடம், எஸ்எஸ்டி எனும் வேகமான டிஸ்கில் 10 நிமிடம் ஆனது. இடையில் திரை அசையாமல் நிற்கும், பயம் வேண்டாம். 2 மணி நேரம் தாண்டினால் அணைக்காமல் எங்களைக் கூப்பிடுங்கள்.’ இதில் வாக்குறுதி எங்கே இருக்கிறது, மாட்டிக்கொள்ள? அளந்ததைத்தானே சொல்கிறீர்கள். அளக்கவே இல்லையென்றால் முதலில் போய் அளந்துவிட்டு வாருங்கள்.

‘டிஸ்கில் போதிய இடம் தேவை’ என்பதும் வேண்டாம். இறக்கும் கோப்பின் அளவு வேறு, அதை விரிக்கும்போது பிடிக்கும் இடம் வேறு, இன்ஸ்டால் ஆனபின் நிற்கும் அளவு வேறு. அதிகபட்சம் எவ்வளவு தேவையோ அதைப் போடுங்கள், எந்த டிரைவில் என்பதோடு. (500 ஜிபி என்று வாங்கிய டிஸ்கை விண்டோஸ் சுமார் 465 என்றுதான் காட்டும். தயாரிப்பாளர் 1000-ஆல் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-ஆல்; அந்த வித்தியாசம். இதற்காகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்கள் உண்டு.)

தமிழில் குறிப்பு எழுதுபவர்களுக்குத் தனியாக ஒன்று. ‘8 ஜிபிக்கு மேல் ரேம் தேவை’ என்றால் 8 இருப்பவருக்கு ஓடுமா, ஓடாதா? ‘குறைந்தது 8 ஜிபி’ என்று எழுத என்ன செலவாகிவிடும்? பதிப்பு எண்ணில் இது இன்னும் மோசம். பைத்தான் என்ற நிரல்மொழிக்கு ‘பைத்தான் 3.9-க்கு மேல்’ என்று படித்த ஒரு கல்லூரி மாணவி, 3.10 சின்னது என்று நினைத்து அதை நீக்கிவிட்டு 3.9-ஐப் போட்டிருந்தாள். பள்ளிக்கூடக் கணக்குப்படி அவள் செய்தது சரிதான்; ஆனால் பதிப்பு எண்ணில் 3.9-க்கு அடுத்து வருவதுதான் 3.10. ‘3.9, 3.10, 3.11-இல் சோதித்தோம்’ என்று ஒவ்வொன்றாக எழுதிவிடுங்கள். ‘சமீபத்திய பதிப்பு’ என்றால், எழுதிய தேதியையாவது போடுங்கள்.

பயன்படுத்துபவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பேக்கப் எடுக்காமல் அப்டேட்டைத் தொடாதீர்கள். கடை சாத்தியபின் செய்யுங்கள். குறிப்பில் எண் இல்லையென்றால் போன் போட்டு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். “கொஞ்ச நேரம்தான்” என்பார்கள். விடாமல் மறுபடி கேளுங்கள்.