தேர்வறைக்குள் நுழையும் முன் சொல்லியிருக்க வேண்டியது

தமிழ்நாட்டின் தென்மாவட்டம் ஒன்றிலிருந்து இங்கிலாந்துக்கு முதுகலை படிக்க வந்த மாணவர் ஒருவர், ஒரு ஜூலை மாதம் என்னைச் சந்திக்க வந்தார். மே மாதம் எழுதிய தேர்வில் அவருக்கு 34 மதிப்பெண் கிடைத்திருந்தது. தேர்ச்சிக்கு 50 வேண்டும். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு ஊரில் அவருடைய சித்தப்பா இறந்துவிட்டார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவரை வளர்த்ததும், இங்கே வந்து படிப்பதற்கான கல்விக் கடனுக்குக் கையெழுத்திட்டதும் அந்தச் சித்தப்பாதான். இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் பார்த்துவிட்டு, இரண்டு இரவுகள் தூங்காமல் போய்த் தேர்வெழுதியிருக்கிறார். துறையில் யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. "இப்ப எல்லாத்தையும் சொன்னா மார்க்கை மாத்திக் கொடுப்பாங்களா அக்கா?" என்று கேட்டார். அவர் சொன்னதை நான் சந்தேகிக்கவில்லை, பல்கலைக்கழகமும் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் அவருடைய கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

நான் பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் சங்கத்தில் ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். மாணவர் சங்க ஆலோசனை இலவசமானது, பல்கலைக்கழக நிர்வாகத்தைச் சாராதது, நீங்கள் சொல்வதை உங்கள் அனுமதியின்றி துறைக்குத் தெரிவிக்காதது. இங்கே நான் சொல்லும் மாணவர்களின் அடையாளம் வெளிப்படாதவாறு விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோய், மரணம், விபத்து, குடும்ப நெருக்கடி போன்ற எதிர்பாராத நிகழ்வுகள் தேர்வையோ ஒப்படைப்பையோ பாதிக்கும்போது சலுகை கோரும் நடைமுறை பிரிட்டனின் பல்கலைக்கழகங்களில் உண்டு. ஓரிடத்தில் இதை மிட்டிகேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ் என்பார்கள், இன்னோரிடத்தில் எக்ஸ்டெனுவேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ் என்பார்கள். மாணவர்கள் சுருக்கமாக எம்.சி. என்றோ இ.சி. என்றோ சொல்வார்கள். பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான், ஆனால் காலக்கெடுவும் படிவமும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். ஆகவே நண்பர் படிக்கும் இடத்து விதியை உங்கள் இடத்துக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

அந்த மாணவரின் கோரிக்கை ஏன் நிராகரிக்கப்பட்டது என்பதை விளக்க வேண்டும், ஏனெனில் நம் மாணவர்கள் அடிக்கடி இடறி விழுவது இந்த இடத்தில்தான். ஃபிட் டு சிட் என்றொரு கொள்கையைப் பல பல்கலைக்கழகங்கள் பின்பற்றுகின்றன. ஒருவர் தேர்வறைக்குள் சென்று எழுதிவிட்டாலோ, கட்டுரையைப் பதிவேற்றிவிட்டாலோ, தேர்வெழுதும் நிலையில் தாம் இருந்ததாக அவரே அறிவித்துவிட்டார் என்று அந்தக் கொள்கை எடுத்துக்கொள்கிறது. தேர்வின் நடுவே மயங்கி விழுந்தது போன்ற நிலையிலோ, தன் உடல்நிலையைத் தானே மதிப்பிட முடியாத மனநிலையில் ஒருவர் இருந்தார் என்பதற்கு மருத்துவச் சான்று இருந்தாலோ விதிவிலக்கு கிடைக்கக்கூடும். மற்றவர்களுக்கு வாசல் தேர்வு தொடங்கும் நேரத்தோடு மூடிவிடுகிறது. இது கடுமையான விதி என்றே நான் கருதுகிறேன். துக்கத்தில் இருப்பவரிடம் தன் தகுதியைத் தானே எடைபோடச் சொல்வது நியாயமா என்று, இந்தக் கோரிக்கைகளை முடிவுசெய்யும் பல்கலைக்கழகக் குழுக்களில் வாதாடியும் இருக்கிறேன். ஆனால் விதி இருக்கும்வரை அதை முன்கூட்டியே அறிந்திருப்பது மட்டுமே மாணவருக்குப் பாதுகாப்பு.

எப்படியாவது போய் எழுதிவிட வேண்டும் என்ற உந்துதல் நம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். காய்ச்சலோடு போய்ப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியவரை நாம் பாராட்டியே வளர்த்திருக்கிறோம். தேறாவிட்டால் அரியர் வைத்து எழுதிக்கொள்ளலாம் என்ற பழக்கமும் கூடவே வருகிறது. தமிழ்நாட்டில் அரியரைப் பல பருவங்கள் கடந்தும் எழுத முடியும். இங்கே மறுதேர்வுக்குப் பெரும்பாலும் ஒரே வாய்ப்புதான் கிடைக்கும், அதிலும் நீங்கள் 72 எடுத்தாலும் இளங்கலைக்கு 40, முதுகலைக்கு 50 என்ற தேர்ச்சி மதிப்பெண்ணோடு நிறுத்திவிடுவார்கள். சலுகை ஏற்கப்பட்டவருக்கோ அதே தேர்வு முதல் முயற்சியாகவே கருதப்படும். எடுத்த மதிப்பெண் முழுவதும் அவருக்கே. அன்று எழுதாமல் இருந்து, அன்றே படிவத்தைக் கொடுத்திருந்தால் அந்த மாணவர் முழு மதிப்பெண்ணுக்கு ஆகஸ்டில் எழுதியிருக்கலாம். ஒரு மின்னஞ்சலுக்கும் மௌனத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு அவ்வளவு.

எவையெல்லாம் ஏற்கப்படும்? எதிர்பாராதது, உங்கள் கட்டுப்பாட்டை மீறியது, அந்தக் குறிப்பிட்ட தேர்வின் அல்லது ஒப்படைப்பின் காலத்தில் உங்களை உண்மையாகவே பாதித்தது என்ற மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். கடுமையான நோய், அறுவை சிகிச்சை, நெருங்கியவரின் மரணம், வன்முறைக்கோ திருட்டுக்கோ ஆளானது, வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது ஆகியவை வழக்கமாக ஏற்கப்படுகின்றன. கணினி பழுதாகிக் கோப்பு அழிந்தது, தேர்வு அட்டவணையைத் தவறாகப் படித்தது, ஒரே வாரத்தில் மூன்று ஒப்படைப்புகள் வந்தது, பகுதிநேர வேலையில் ஷிப்ட் மாறியது ஆகியவை வழக்கமாக ஏற்கப்படுவதில்லை. அக்காவின் திருமணத்துக்கு ஊருக்குப் போனதையும் ஏற்கமாட்டார்கள். நாள் குறித்து அழைப்பிதழ் அச்சிட்ட நிகழ்வு எதிர்பாராதது ஆகாது என்பது அவர்கள் பக்கத்து நியாயம், அதை என்னாலும் மறுக்க முடிவதில்லை.

நீண்டகால உடல்நலக் குறைபாடும் மனநலப் பாதிப்பும் வேறு வழியில் அணுகப்பட வேண்டியவை. 12 மாதங்களுக்கு மேல் நீடிக்கும், அன்றாட வாழ்வைக் கணிசமாகப் பாதிக்கும் நிலை எதுவும் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி மாற்றுத்திறனாகக் கருதப்படக்கூடியது. அந்நிலையில் கூடுதல் நேரம், தனி அறை, மாற்று மதிப்பீட்டு முறை போன்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்வது பல்கலைக்கழகத்தின் சட்டக் கடமை. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கடுமையான சமூக அச்சத்தால் அவதிப்பட்டுவந்த இயற்பியல் மாணவி ஒருவர், 2018 ஏப்ரலில், பலர் முன் வாய்மொழியாக விளக்கவுரை தர வேண்டியிருந்த நாளில் தற்கொலையால் இறந்தார். அவருக்குரிய ஏற்பாடுகளைச் செய்யத் தவறியதன்மூலம் பல்கலைக்கழகம் பாகுபாடு காட்டியது என்று 2022-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஒவ்வொரு பருவமும் ஒரே காரணத்துக்காக எம்.சி. படிவம் நிரப்பும் மாணவரைக் காணும்போது, படிவத்தை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் மாற்றுத்திறன் ஆதரவுப் பிரிவுக்கு அவரை அனுப்பிவைக்கிறேன். நோய்க்குப் பெயர் வைத்துவிட்டால் வரன் பார்க்கும்போது பிரச்சினையாகும் என்று தயங்கிய பெற்றோரிடமும் பேசியிருக்கிறேன். மாற்றுத்திறன் ஏற்பாடு பெற்றதைப் பட்டச் சான்றிதழில் குறிப்பிடுவதில்லை.

அடுத்தது ஆதாரம். நோய் இருந்த நாளிலேயே மருத்துவரைப் பார்த்திருக்க வேண்டும். குணமான பிறகு சென்றால், இரண்டு வாரங்களுக்கு முன் உடல்நலம் சரியில்லாமல் இருந்ததாக மாணவர் கூறுகிறார் என்று மட்டுமே அவரால் எழுத முடியும், அப்படிப்பட்ட கடிதத்துக்குக் குழுவில் மதிப்பில்லை. மாணவர் விசாவுக்காக ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டிவிட்டு, ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவுகூடச் செய்யாமல் ஆறு மாதம் கழிப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே பதிவுசெய்துவிடுங்கள். கடிதத்துக்கு ஜி.பி. தனியே கட்டணம் கேட்கலாம், நாளும் பிடிக்கலாம்; கடிதம் வரும்வரை படிவத்தை நிறுத்திவைக்காதீர்கள். ஆதாரம் பின்னால் வரும் என்று குறிப்பிட்டுக் கெடுவுக்குள் சமர்ப்பிக்கப் பெரும்பாலான இடங்களில் அனுமதி உண்டு. ஊரில் தெரிந்த டாக்டரிடம் தேதி மாற்றிச் சான்றிதழ் வாங்கி அனுப்பச் சொல்லும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சான்றளித்தவரைத் தொடர்புகொண்டு சரிபார்ப்பதுண்டு, பொய் என்று தெரிந்தால் ஒரு தேர்வின் சிக்கல் ஒழுங்கு நடவடிக்கையாக மாறிப் படிப்பையே பறித்துவிடும்.

மரணத்தைப் பொறுத்தவரை நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. படிவத்தில் இறந்தவருடனான உறவைக் கேட்பார்கள். சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமா, அத்தை கணவர் என எல்லோரையும் நம் மாணவர்கள் 'அங்கிள்' என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறார்கள். படிப்பவருக்கு அது ஆண்டுக்கொரு முறை கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பும் தூரத்து உறவாகத் தோன்றலாம். அவர் ஒரே வீட்டில் வாழ்ந்தவரா, உங்களை வளர்த்தவரா, படிக்கவைத்தவரா என்பதை இரண்டு வாக்கியங்களில் எழுதுங்கள். அப்பாவின் தம்பி, தந்தை இறந்தபின் என்னை வளர்த்தவர் என்று எழுதினால் எந்தக் குழுவும் புரிந்துகொள்ளும். பதினாறாம் நாள் வரை நீளும் சடங்குகளில் உங்களுக்குரிய கடமை என்ன, கொள்ளி வைக்க வேண்டியவர் நீங்களா என்பதையும் விளக்குங்கள், ஏனெனில் இங்கே இறுதிச் சடங்கு பெரும்பாலும் ஒரே நாள் நிகழ்வாகவே அறியப்பட்டிருக்கிறது. இறப்புச் சான்றிதழ் ஆங்கிலத்தில் இல்லையென்றால் மொழிபெயர்ப்பு கேட்பார்கள். அது கையில் வர நாளாகுமானால் விமானச் சீட்டையோ மருத்துவமனைக் கடிதத்தையோ முதலில் இணைக்கலாம்.

விளக்கம் எழுதும் விதத்தில்தான் பல நல்ல கோரிக்கைகள் வலுவிழக்கின்றன. 'நான் மிகுந்த மன உளைச்சலில் இருந்தேன், என்னால் எதையும் செய்ய முடியவில்லை, தயவுசெய்து கருணை காட்டுங்கள்' என்று ஒரு பக்கம் எழுதி வருவார்கள். குழு தேடுவது தேதிகளை. 'மார்ச் 3 அன்று தாய் மாரடைப்பால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 4 முதல் 11 வரை ஊரில் இருந்தேன். இந்தக் கட்டுரைக்காக ஒதுக்கியிருந்த பத்து நாட்களில் எட்டு நாட்கள் போய்விட்டன. மார்ச் 14 கெடுவுக்குப் பதிலாக 24 வரை அவகாசம் வேண்டும்' என்று எழுதினால் நான்கு வரி போதும். என்ன நடந்தது, எப்போது, எந்தப் பாடத்தை எப்படிப் பாதித்தது, என்ன வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்கின்றன. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பாடத்தின் குறியீட்டையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் அந்தப் பாடத்துக்குச் சலுகை கிடைக்காது. ஆங்கிலம் அழகாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

கொரோனாவுக்குப் பின் பல பல்கலைக்கழகங்கள், ஆதாரமே இல்லாமல் மாணவரின் சொந்த உறுதிமொழியின் பேரில் சில நாள் அவகாசம் தருகின்றன. ஆண்டுக்கு இத்தனை முறைதான் என்ற வரம்பு அதற்கு உண்டு. சாதாரணச் சளிக்கு அக்டோபரிலேயே அதைச் செலவழித்துவிட்டு ஜனவரியில் உண்மையான நெருக்கடியோடு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

கோரிக்கை ஏற்கப்பட்டால் அவகாசம் நீட்டிக்கப்படலாம், தாமதத்துக்காகக் கழித்த மதிப்பெண் திருப்பித் தரப்படலாம், தேர்வு அடுத்த அமர்வுக்குத் தள்ளப்படலாம். மதிப்பெண்ணை உயர்த்திப் போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. விசாவில் படிப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஓராண்டு முதுகலை முடிந்தபின் விசாவில் பெரும்பாலும் நான்கு மாதமே மிச்சமிருக்கும். தேர்வோ ஆய்வேடோ அடுத்த ஆண்டு மே மாதத்துக்குத் தள்ளிப்போனால் விசா அதற்குள் முடிந்துவிடும், படிப்பை முடிக்காதவர், பட்டம் பெற்றபின் இங்கேயே தங்கி வேலை செய்ய உதவும் கிராஜுவேட் விசாவுக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. ஒத்திவைப்பைக் கோரும் முன்பே பல்கலைக்கழகத்தின் விசா ஆலோசகரைப் பாருங்கள். விசா குறித்து ஆலோசனை சொல்ல இந்நாட்டில் அங்கீகாரம் வேண்டும். அறைத்தோழரின் அனுபவத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

நிராகரித்தால் மேல்முறையீடு செய்யலாம். நடைமுறை தவறாகப் பின்பற்றப்பட்டது, முன்பே தர இயலாத புதிய ஆதாரம் இருக்கிறது என்பவை போன்றவையே அதற்கு அடிப்படையாகும். விடைத்தாளுக்கு இன்னும் அதிக மதிப்பெண் தகும் என்று வாதிட முடியாது. சொல்லக் கூச்சமாக இருந்தது என்பதை, முன்பே சொல்லாததற்குத் தக்க காரணமாக ஏற்பது அரிது. உள்நடைமுறை அனைத்தும் முடிந்ததும் பல்கலைக்கழகம் அதற்கான கடிதத்தைத் தரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள், ஓ.ஐ.ஏ. எனப்படும் உயர்கல்விச் சுயாதீன நடுவர் அலுவலகத்தில் கட்டணமின்றி முறையிடலாம். ஸ்காட்லாந்தில் பொதுச் சேவை குறைகேள் அதிகாரியிடம் செல்ல வேண்டும். அந்த மாணவர் ஓ.ஐ.ஏ. வரை போகவில்லை. ஆகஸ்டில் மறுதேர்வு எழுதினார், பட்டியலில் 50 என்றே பதிவானது.

அதே ஆண்டு இலையுதிர் பருவத்தில் லண்டனில் பிறந்த தமிழ் மாணவி ஒருவர் வந்தார். அவருடைய அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அழைத்துச் செல்வதும், தாதிகள் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வதும், தம்பிக்குச் சமைத்து வைப்பதும் அவர்தான். தன்னுடைய வேலைக்கு ஒரு பெயர் உண்டு என்பதே அவருக்குத் தெரியவில்லை. "எல்லார் வீட்லயும் செய்யறதுதானே" என்றார். பராமரிப்பாளர் என்ற நிலையை அவருடைய கோப்பில் பதிவுசெய்யச் சொல்லித் துறைக்கு எழுதினோம். டயாலிசிஸ் நாட்களில் வகுப்புத் தேர்வு வைக்காமல் மாற்று நாள் கொடுத்தார்கள். டிசம்பரில் அம்மா திடீரென்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அன்று மாலையே காத்திருப்பு அறையில் அமர்ந்து கைப்பேசியில் படிவத்தை நிரப்பி, எனக்கும் ஒரு நகல் அனுப்பியிருந்தார்.