நான்கு செல் கருவில் தொடங்கும் வேறுபாடு

சுண்டெலியின் கருவுற்ற முட்டை இருமுறை பிளந்து நான்கு செல்களாக இருக்கும்போது, அவை பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். அவற்றின் டிஎன்ஏவும் ஒன்றே. ஆயினும், பிற்பாடு உடலாக வளரும் உட்செல் திரளுக்குச் சில செல்கள் கூடுதலாகவும் சில குறைவாகவும் பங்களிக்கின்றன. இந்தச் சாய்வுக்கும் எச்3 என்ற ஹிஸ்டோன் புரதத்தின் 26ஆம் இடத்திலுள்ள ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் தாங்கும் மெத்தில் தொகுதிகளுக்கும் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட சிறு வேதித் தொகுதிகள்) தொடர்பு உண்டு என்பதை, மரியா எலெனா டோரஸ்-பாடியா, மக்டலேனா செர்னிகா-கோட்ஸ் உள்ளிட்டோர் 2007இல் காட்டினர்.

டிஎன்ஏ இழை ஹிஸ்டோன்களைச் சுற்றியே பொதிந்திருக்கிறது. அவற்றிலிருந்து வெளியே நீளும் வால்பகுதியின் ஆர்ஜினைன்களில், எஸ்-அடினோசில்மெத்தியோனின் என்ற, மெத்தில் வழங்கும் மூலக்கூறிலிருந்து எடுத்த மெத்தில் தொகுதியை நொதிகள் பொருத்துகின்றன. ஆர்ஜினைனின் நேர்மின்னூட்டம் இதனால் மாறுவதில்லை. ஆனால் அது அமைக்கக்கூடிய ஹைட்ரஜன் பிணைப்புகள் குறைந்து வடிவமும் மாறுவதால், அங்கே வந்து ஒட்டும் புரதங்கள் வேறாகின்றன. இங்கே என்னை மிகவும் வியக்கவைப்பது ஒன்று உண்டு. எச்4 ஹிஸ்டோனின் 3ஆம் ஆர்ஜினைனில் இரண்டு மெத்தில் தொகுதிகளையும் பிஆர்எம்டி1 என்ற நொதி ஆர்ஜினைனின் ஒரே நைட்ரஜனில் பொருத்தினால் மரபணு பெரும்பாலும் இயங்கத் தொடங்குகிறது. அதே இரண்டைப் பிஆர்எம்டி5 என்ற மற்றொரு நொதி இரு நைட்ரஜன்களுக்கு ஒவ்வொன்றாகப் பகிர்ந்தளித்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அளவு மாறவில்லை, அமைவிடம் மட்டுமே மாறியது.

எச்3இன் 26ஆம் இடத்தில் இவ்வேலையைச் செய்வது கார்ம்1 என்ற நொதி. கருவின் ஒரு செல்லில் மட்டும் அதன் அளவைக் கூட்டியபோது, பலவகைச் செல்களாக மாறும் திறனைக் காக்கும் நானோக், சாக்ஸ்2 ஆகிய மரபணுக்களின் வெளிப்பாடு பெரிதும் உயர்ந்தது. அச்செல்லின் வழித்தோன்றல்கள் உட்செல் திரளை நோக்கிச் சென்றன. இந்த மெத்திலேற்றம் மிகுந்த செல்களில் சாக்ஸ்2 புரதம் டிஎன்ஏவுடன் நெடுநேரம் ஒட்டியிருப்பதை 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இதை விதியாகக் கொள்ளாமல் சாய்வு என்றே கொள்வது பொருந்தும். ஏனெனில் கார்ம்1 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளும் கருவில் வளர்ந்து, பிறப்பையொட்டியே இறக்கின்றன.

கார்ம்1இன் பணி ஹிஸ்டோனோடு நிற்பதுமில்லை. தசையின் மூலச்செல்களான துணைச்செல்களில் அது பாக்ஸ்7 என்ற புரதத்தின் ஆர்ஜினைன்களிலேயே மெத்தில் தொகுதியைப் பொருத்துகிறது. அதன் பின்னரே பாக்ஸ்7 பிற நொதிகளை அழைத்துவந்து, தசையாக மாறும் பாதையைத் தொடங்கும் மிஃப்5 மரபணுவை இயக்க முடிகிறது. ஒரு துணைச்செல் சமமின்றிப் பிளக்கும்போது, மிஃப்5 இயங்கும் செல் தசையாகும் வழியில் செல்ல, இயங்காத செல் மூலச்செல்லாகவே எஞ்சி அடுத்த காயத்தை ஆற்றுவதற்கான இருப்பாகிறது.