ஐந்து நாளில் ஐந்து ஆட்டம்: ஜப்பானின் ஸென்ஷா கால்பந்துக் கோப்பை இயங்கும் விதம்

சனிக்கிழமை முதல் சுற்று, ஞாயிறு இரண்டாவது சுற்று, திங்கள் காலிறுதி, செவ்வாய் அரையிறுதி, புதன் இறுதியாட்டம். நடுவில் ஒரு நாள்கூட ஓய்வு இல்லை. தொழில்முறை வீரர்களுக்கு இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே மூன்று நாள் கிடைக்கவில்லை என்றாலே பயிற்சியாளர்கள் கொதித்துப் போவார்கள். ஜப்பானிலோ, பெரும்பாலும் பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிற வீரர்கள் ஆண்டுதோறும் இதை ஆடுகிறார்கள். அகில ஜப்பான் ஷகாய்ஜின் (அதாவது வேலைக்குப் போகும் பெரியவர்கள்) கால்பந்துப் போட்டி என்பது இதன் முழுப்பெயர், ரசிகர்களுக்குச் சுருக்கமாக ஸென்ஷா.

ஜப்பான் கால்பந்தின் மேல்தட்டில் ஜே1, ஜே2, ஜே3 என்று ஜே லீக்கின் மூன்று பிரிவுகள், மொத்தம் 60 கிளப்புகள். அதற்குக் கீழே நாலாவது படியாக, நாடு முழுவதுக்குமான ஜேஎஃப்எல் (ஜப்பான் ஃபுட்பால் லீக்). அதற்கும் கீழே ஹொக்கைடோ, தொஹோகு, கான்டோ, கியூஷூ என்று ஒன்பது பிராந்திய லீக்குகள், அவற்றுக்கு அடியில் மாகாண லீக்குகள். ஸென்ஷா, ஜேஎஃப்எல்-க்குக் கீழே இருக்கிற இந்த அணிகளுக்கானது. பிராந்தியத் தகுதிச் சுற்றுகளைத் தாண்டி வருபவை, போட்டியை நடத்தும் மாகாணத்தின் அணி எல்லாம் சேர்த்து 32 அணிகள். 1965-இல் தொடங்கியது. நிறுவன அணிகளின் ஜப்பான் சாக்கர் லீக் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

தோற்றால் வெளியேற வேண்டிய நாக்அவுட்டில் 32 அணி என்றால் கணக்கு எளிது: 32, 16, 8, 4, 2 என்று பாதிபாதியாகக் குறையும், கோப்பைக்கு ஐந்து வெற்றி வேண்டும். ஒரு அணி, எதிரே யார் வந்தாலும் பத்துக்கு ஏழு ஆட்டம் ஜெயிக்கும் அளவுக்குப் பலமானது என்று வைத்துக்கொள்வோம். அது ஐந்தையும் தொடர்ந்து ஜெயிக்க 0.7-ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது சுமார் 17 சதவீதம். அவ்வளவுதான்! எட்டு அணிகள் உள்ள லீக்கில் 14 ஆட்டம் கிடைக்கும், ஒரு நாள் சொதப்பினால் அடுத்த வாரம் ஈடுகட்டலாம். இங்கே ஒரு தவறான பெனால்டி போதும், ஊருக்குத் திரும்பிவிட வேண்டும்.

இந்த 17 சதவீதமும் கால்கள் எல்லா நாளும் ஒரே மாதிரி இயங்கும் என்று வைத்துப் போட்ட கணக்குதான். உண்மையில் அவை இயங்காது. வேகமாக ஓடும்போது தசை எரிக்கும் முக்கிய எரிபொருள் கிளைக்கோஜன், அதாவது தசைக்குள்ளேயே சேமித்திருக்கும் மாவுச்சத்து. ஒரு முழு ஆட்டத்தில் இது வெகுவாகக் கரைந்துவிடும். நன்றாகச் சோறும் பழமும் சாப்பிட்டாலும் பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று நாள் பிடிக்கும். இன்னொன்று, தசையிழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதம். முழு வேகத்தில் வந்து சடாரென்று நிற்கும்போதும், திசை திரும்பும்போதும், தசை நீண்டுகொண்டே விசையைத் தாங்க வேண்டியிருக்கிறது. இழைகளை அதிகம் கிழிப்பது இந்த வகை வேலைதான். அந்த வலி ஆட்டம் முடிந்ததும் வராது, ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். இப்போது கிழமைகளை எண்ணிப் பாருங்கள். சனிக்கிழமை வாங்கிய சேதம் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று உறைக்கிறது, அதன்மேல் ஞாயிற்றுக்கிழமைச் சேதம், அதன்மேல் திங்கட்கிழமைச் சேதம். மிக முக்கியமான ஆட்டங்கள் வரும்போது உடம்பு மிக மோசமான நிலையில் இருக்கிறது.

இதைக் குறைக்கத்தான் ஆட்டத்தை 90 நிமிடத்துக்குப் பதில் 80 நிமிடமாக வைத்திருக்கிறார்கள். ஆரம்பச் சுற்றுகளில் சமநிலை என்றால் கூடுதல் நேரம் கிடையாது, நேராகப் பெனால்டி ஷூட்அவுட். கால்களுக்கு நல்லதுதான், ஆனால் அந்த நல்லதை வாங்க அதிர்ஷ்டத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. அதனால் இங்கே பயிற்சியாளரின் மிகப் பெரிய வேலை வீரர்களைப் பங்கிடுவதுதான் என்று எனக்குப் படுகிறது. ஐந்து ஆட்டத்துக்கு 55 தொடக்க இடங்கள். 22 பேரை நம்பி இறக்க முடிந்தால் ஆளுக்கு இரண்டரை ஆட்டம்தான் வரும், 14 பேரை மட்டுமே நம்பினால் ஏறக்குறைய நாலு ஆட்டம். நட்சத்திரம் ஒருவரை வைத்திருக்கும் அணியைவிட, பதினாறாவது ஆளும் நன்றாக ஆடுகிற அணி புதன்கிழமை வரை தாக்குப்பிடிக்கும்.

சரி, இவ்வளவு பாடு எதற்கு? கோப்பையைவிடப் பெரிய பரிசு ஒன்று இருக்கிறது. ஜேஎஃப்எல்-க்கு ஏற வேண்டுமென்றால், நவம்பரில் 12 அணிகள் ஆடும் பிராந்திய சாம்பியன்ஸ் லீக் வழியாகப் போக வேண்டும். அதில் ஒன்பது இடம் ஒன்பது பிராந்திய சாம்பியன்களுக்கு. மிச்சம் மூன்று இடம் வரை ஸென்ஷாவில் முன்னணியில் வரும் அணிகளுக்கு, அதுவும் ஏற்கெனவே தகுதி பெறாதவர்களுக்கு மட்டும். இதிலிருந்து ஒரு விசித்திரம் பிறக்கிறது. அரையிறுதிக்கு வரும் நாலு அணிகளில் ஒன்றாவது பிராந்திய சாம்பியனாக இருந்தால், மற்ற மூன்றுக்கும் அரையிறுதி ஆடும் முன்பே சாம்பியன்ஸ் லீக்கில் இடம், அதாவது சீட்டு, உறுதி. நாலுமே சீட்டு இல்லாதவை என்றால், வேறெந்தப் போட்டியிலும் யாரும் சட்டை செய்யாத மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் இங்கே ஒரு கிளப்பின் அடுத்த ஆண்டையே தீர்மானிக்கும். சீட்டைக் கையில் வைத்திருக்கும் சாம்பியனுக்கோ, அடுத்த மாதத்தை நினைத்து முக்கிய வீரர்களை உட்காரவைக்க எல்லா நியாயமும் உண்டு.

இந்தக் கதவு வழியாக வந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்த கிளப் மட்சுமோட்டோ யமகா. 2009-இல் ஒன்பது பிராந்திய லீக்குகளில் ஒன்றான ஹொகுஷின்எட்சு லீக்கில் நாலாவது இடம், அதாவது நேர்வழி அடைபட்டாயிற்று. அக்டோபரில், எல்லாப் படி அணிகளும் மோதும் பேரரசர் கோப்பையில், ஜே1 கிளப்பான ஊராவா ரெட்ஸை 2-0 என்று வீழ்த்தினார்கள். அடுத்த வாரமே சிபா மாகாணத்தில் ஸென்ஷா: ஐந்து நாள், ஐந்து வெற்றி, கோப்பை. அப்புறம் பிராந்திய இறுதிப் போட்டியையும் (இன்றைய பிராந்திய சாம்பியன்ஸ் லீக்கின் அன்றைய வடிவம்) வென்று ஜேஎஃப்எல்-க்கு ஏறினார்கள். 2012-இல் ஜே2, 2015-இல் ஜே1.

ஓய்வு நாள் கொடுத்தால் என்ன? பிராந்திய சாம்பியன்ஸ் லீக்கின் இறுதிச் சுற்றில் ஆட்டங்களுக்கு இடையே ஒரு நாள் விடும் முறை வந்துவிட்டது. ஸென்ஷாவில் அதே மாதிரி செய்தால் ஒன்பது நாள் ஆகும், வேலைக்குப் போகிறவர் அவ்வளவு விடுப்புக்கு எங்கே போவார்? முதல் இரண்டு சுற்றையும் அந்தந்தப் பிராந்தியத்திலேயே முன்கூட்டி முடித்து, எட்டு அணிகளை மட்டும் ஓரிடத்துக்கு அழைக்கலாம் என்பது என் ஆசை. ஆனால் ஸென்ஷா வழக்கமாக நடப்பது, அடுத்த ஆண்டு தேசிய விளையாட்டு விழாவை நடத்தவிருக்கும் மாகாணத்தில். 2010 விழா சிபாவில், அதனால்தான் 2009 ஸென்ஷாவும் அங்கே. மைதானங்களையும் நடுவர்களையும் தன்னார்வலர்களையும் ஒத்திகை பார்க்க அந்த மாகாணத்துக்கு வேண்டியது முதல் நாளின் 16 ஆட்டங்கள்தான், அவற்றை விட்டுக்கொடுக்க எளிதில் சம்மதிக்க மாட்டார்கள். ஐந்து நாளை அப்படியே வைத்துக்கொள்வதானால், மாற்று வீரர்களை எவ்வளவு தாராளமாக முடியுமோ அவ்வளவு தாராளமாக அனுமதிக்க வேண்டும்.